சாலமோனை எரித்துக் காய்ச்சிய கோகோ

ஒரு தலைமையாசிரியரின் கம்பை அவர் கையாலேயே இரண்டாக உடைக்க வைத்து, அதை அவரே அடுப்பில் செருகி, அவரே குனிந்து ஊதி, அந்த நெருப்பில் காய்ச்சிய கோகோவை அவர் கையாலேயே வாங்கிக் குடித்தவள் நான். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. கணக்குப் பரீட்சையில் நான் வாங்கியிருந்தது நூற்றுக்கு நான்கு.

நீங்கள் நம்ப வேண்டாம். இதுவரை யாரும் நம்பியதில்லை. முப்பத்தாறு வருஷம் இந்த சவாயீ தீவில் நர்சாக இருந்தேன். பாதித் தீவின் பின்புறத்தில் ஊசி போட்ட கை இது. ஊசி போடுவதற்கு முன்னால் இந்தக் கதையைத்தான் ஆரம்பிப்பேன். "பொய் சொல்லாத லுபே!" என்று சண்டை போட ஆள் திரும்புவதற்குள் மருந்து உள்ளே போயிருக்கும்.

அன்றைக்கு அங்கே இருந்த எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேர். அதில் இருபத்தொரு பேர் ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் சொர்க்கத்துக்கும் போய்விட்டார்கள். தீவில் மிச்சம் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று ஃபெரெத்தி. அவன்தான் அந்தத் தலைமையாசிரியரின் மகன். அவன்தான் இது நடக்கவே இல்லை என்று சாதிக்கிறான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஃபெரெத்தி பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருஷமாகப் பரிசளிப்பு விழா தவறாமல் ஒரே பேச்சு. "என் அப்பாவின் கம்புதான் என்னை மனிதனாக்கியது!" அந்தக் கம்பு கோகோ அடுப்புக்கு விறகாகிப் போனது என்று தெரிந்தால் பேச்சு என்ன ஆவது?

இப்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு விழா. மலர்க் குழுவுக்கு அவன் தலைவர். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே எதிரில் உட்கார்ந்து, என் வீட்டு வாழைப்பழப் பணியாரத்தைத் தின்றுகொண்டு, கையில் சிவப்புப் பென்சிலோடு காத்திருக்கிறான்.

"எழுது, எழுது. மலர்ல வராது. சும்மா எழுது."

எழுதுகிறேன்.

ஃபெரெத்தியின் அப்பா உலேசே சார் தலைநகர் ஆப்பியாவிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தது அறுபத்தைந்தில். அதுவரை ஒன்பது வருஷத்தில் எங்கள் பள்ளியிலிருந்து ஆப்பியா உயர்நிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வில் தேறியவன் ஒரே ஒருவன். அவனும் பக்கத்து ஊர்க்காரன். உலேசே சார் முதல் நாளே ஊர்ச்சபையில் எழுந்து நின்று, "வருஷத்துக்குப் பத்து பேரை அனுப்புவேன். பிள்ளைகளை என்னிடம் விட்டுவிடுங்கள்" என்றார். விட்டுவிட்டார்கள்.

காலை ஐந்து மணிக்கு வகுப்பு. பள்ளிக்கூடம் இருந்ததோ எரிமலைக் குழம்பு ஓடி இறுகிய பாறை மேல். அங்கே புல்லை விடக் கல்தான் நன்றாக விளையும். ஒரு எழுத்துப்பிழைக்கு இருபது கல் பொறுக்க வேண்டும். நாங்கள் செய்த பிழைகளில் பள்ளியைச் சுற்றி மதிலே எழும்பியது. அந்த மதில் நிலாவிலிருந்து தெரியும் என்று கேள்வி.

"இடுப்பளவு உயரம்," என்றான் ஃபெரெத்தி.

இவை தவிர சாலமோன். அது கம்பின் பெயர். கொய்யாக் கம்பு, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல். சனிக்கிழமைதோறும் அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் வைப்பார். ஞாயிற்றுக்கிழமை போதகர் தலையைவிட சாலமோன் அதிகமாகப் பளபளக்கும். உள்ளங்கையில் ஒன்று விழுந்தால் மூன்று நாளைக்கு அந்த இடம் சூடாகவே இருக்கும். வீட்டில் காட்டினால் அப்பா இன்னொன்று வைப்பார், அதோடு சாருக்கு நன்றி சொல்லி ஒரு கூடை சேப்பங்கிழங்கும் அனுப்புவார். அதனால் கையைப் பொத்திக்கொண்டே வீட்டுக்குப் போவோம். இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஃபெரெத்தியும் இந்த இடத்தில் பென்சிலைத் தூக்கவில்லை.

அறுபத்தெட்டு, அக்டோபர். நுழைவுத் தேர்வுக்கு முன்பு ஒரு மாதிரித் தேர்வு, கணக்கில் மட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் விடைத்தாள் வந்தது. எனக்கு நான்கு. அதுவும் பெயரை அழகாக எழுதியதற்கு.

உலேசே சார் சாலமோனை மேஜை மேல் வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"நூறுக்கு எத்தனை குறையுதோ அத்தனை அடி. செவ்வாய்க்கிழமை காலையில, எட்டு மணிக்கு. முதல் ரேங்க்ல ஆரம்பிச்சு வரிசையா வரணும். வராதவன் தேர்வு எழுத முடியாது."

ஏன் செவ்வாய்க்கிழமை? ஏனென்றால் அந்த ஞாயிறு பிள்ளைகளின் ஞாயிறு, திங்கள் விடுமுறை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் ஊரில் குழந்தைகள் ராஜா. புது வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு கோயிலில் வசனம் ஒப்பிப்போம். பிறகு நாங்கள் பாயில் உட்கார, பெரியவர்கள் பரிமாறுவார்கள். முதல் பன்றித் துண்டு எங்களுக்கு. குடித்தலைவர்கூட விசிறியோடு நின்று எங்கள் தட்டிலிருந்து ஈ ஓட்டுவார். அன்றைக்கு எந்தப் பிள்ளையையும் யாரும் அதட்டக் கூடாது.

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரை, பன்றி, அன்னாசி, ஐஸ்கிரீம். என் வாழ்நாளில் நான் சாப்பிடாமல் விட்ட சாப்பாடு அது ஒன்றுதான்.

"ஏண்டி, வயித்துல என்ன?" என்றாள் அம்மா.

"தொண்ணூத்தாறு," என்றேன்.

திங்கட்கிழமை காலை நாங்கள் இருபத்து மூன்று பேரும் பெரிய ஈரப்பலா மரத்தடியில் கூடினோம். யாரும் விளையாடவில்லை. எல்லோரும் மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். மொத்தம் எத்தனை அடி? கூட்டினோம். ஆயிரத்து இருநூறு.

"ஆயிரத்து நூத்து நாப்பத்தேழு," என்றான் ஃபெரெத்தி, பணியாரத்தை மென்றபடி.

"நடக்காத விஷயத்துக்குக் கணக்கு எப்படிடா தெரியும்?"

"நடக்கல. ஆனா தப்பா எழுதாத."

இதுதான் அவன். பரீட்சையில் தொண்ணூற்றொன்பது வாங்கியவன். பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்வான், தப்பான எண்ணை அவனால் தாங்க முடியாது.

சரி. ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. நிமிஷத்துக்குப் பன்னிரண்டு அடி என்று வைத்தால் மொத்தம் எவ்வளவு நேரம்? கை ஓயுமா? கடைசி ரேங்க் நான். என் முறை வருவதற்குள் அவருக்குத் தோள் வலி வந்துவிடுமா? இதுதான் என் ஒரே நம்பிக்கை. வகுத்துப் பார்த்தோம். எட்டு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது இருபத்தேழு முப்பத்தைந்து வினாடிக்கு என் முறை. எட்டு நிமிஷம் அடி. ஒன்பது முப்பத்தைந்து முப்பத்தைந்து வினாடிக்கு முடியும்.

"அவருக்குத் தோள் வலி வராது," என்றான் மரத்தடியில் எங்களோடு இருந்த ஃபெரெத்தி. "ஞாயித்துக்கிழமை சாப்பிட்ட பன்றி அப்படி."

"உனக்கென்னடா, ஒரே ஒரு அடி."

அவன் குச்சியைக் கீழே போட்டான். "எனக்குப் போடற ஒண்ணு உனக்குப் போடற பத்துக்குச் சமம். மகனுக்குச் சலுகை காட்டினார்னு ஊர் சொல்லிடக் கூடாதாம்."

அதற்குமேல் யாரும் அவனைக் கிண்டல் செய்யவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. முந்தின வருஷம் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சண்டையில் பக்கத்து ஊர்க்காரரைக் கொன்றுவிட்டார். பழிக்குப் பழி என்று அவர்கள் கிளம்புவதற்கு முன், விடியும் நேரத்தில் எங்கள் குடித்தலைவர் போய், செத்தவரின் வீட்டு முன்னால் தாழைமடல் பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு மண்ணில் குனிந்து உட்கார்ந்தார். பக்கத்தில் விறகு, கல், பச்சை இலை. 'நாங்கள் உங்கள் பன்றிகள், வேண்டுமானால் சுட்டுத் தின்னுங்கள்' என்று அர்த்தம். இஃபோங்கா என்போம். அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து பாயை விலக்கிவிட்டால் மன்னிப்பு. பகையும் அதோடு தீர்ந்தது. நாங்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தோம். பாய் விலகியது.

"ஆளைக் கொன்னவங்களையே மன்னிக்கிறாங்க," என்றேன். "நான் கணக்கைத்தானே கொன்னேன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இஃபோங்காவுக்குத் தலைவர் ஒருவர் முன்னால் உட்கார வேண்டுமே, பிள்ளைகளில் யார் தலைவர்? பெரியவர்களைக் கேட்டால் முதுகுத் தோலை உரிப்பார்கள். நான்தான் அதற்கும் வழி சொன்னேன். "ரேங்க்தான் பட்டம். முதல் ரேங்க் யாரோ அவன்தான் தலைவர்."

இப்படித்தான் உலேசே சாரின் மகன், உலேசே சாருக்கு எதிரான குற்றவாளிகளின் தலைவரானான்.

"நான் ஒத்துக்கல," என்றான் ஃபெரெத்தி இப்போது.

"ஒத்துக்கலையா, நடக்கவே இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு இன்னொரு பணியாரத்தை எடுத்தான்.

அடுத்தது பாய். நல்ல பாய் என்றால் பட்டு மாதிரி மெல்லியதாக, ஒன்றைப் பின்னவே வருஷக்கணக்கில் ஆவது. வீட்டு மெத்தைக்கு அடியில் வைத்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் எடுப்பார்கள். இருபத்து மூன்று வீட்டில் எந்த அம்மாவிடம் போய்க் கேட்பது? ஃபெரெத்தி வீட்டுக்குப் போனான். அரைமணி நேரம் கழித்து, துணியில் சுற்றிய பாயோடு வந்தான். அவன் அம்மா வையோலாவின் கல்யாணப் பாய்.

"திருடினியா?"

"அம்மாவே குடுத்தா."

"எதுக்குன்னு சொன்னியா?"

"சொன்னேன். கிழிக்காம கொண்டு வாங்கன்னா. மன்னிச்சா பாய் அந்த வீட்டுக்குத்தானே சேரும், நம்ம வீட்டுக்கே வரப்போகுது, எனக்கென்ன நஷ்டம்னா."

செவ்வாய்க்கிழமை, கிழக்கு வெளுக்கும் நேரம். உலேசே சார் வீட்டு முன்னால் நாங்கள் வரிசையாக மண்ணில் உட்கார்ந்தோம். பக்கத்தில் கற்கள், எங்கள் பிழைகளால் எழுந்த மதிலிலிருந்தே எடுத்தவை. ஆளுக்கு ஒரு விறகு. ஒரு கட்டு வாழை இலை. தலைக்கு மேல் பாய். பாய் பெரியதுதான், ஆனால் ஐந்து பேர் தலையை மூடும் பாயில் இருபத்து மூன்று பேர். தலை மட்டும் உள்ளே. மற்றதெல்லாம் வெளியே, பூசணித் தோட்டம் மாதிரி.

எங்கள் ஊர் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தூண்தான், சுற்றிலும் ஓலைத் தட்டி. தட்டியை இறக்கிவிட்டால் வெளியே நடப்பது தெரியாது என்று ஒருவர் சாதிக்கலாம். அன்றைக்கு வையோலா எழுந்து, தொண்டையைச் செருமி, ஒரு தட்டி விடாமல் கரகரவென்று சுருட்டி ஏற்றினாள். முழு ஊருக்கும் உலேசே சார் போர்வையோடு எழுந்து உட்கார்ந்தது தெரிந்தது.

முழு ஊருமா? ஆமாம். அந்த நேரத்துக்கு ஊரே கூடிவிட்டது. பக்கத்து ஊரும். பன்றிகளும். கப்பல் ஒன்று கரையோரம் நின்று வேடிக்கை பார்த்தது.

"கப்பல் இல்ல. தோணி," என்றான் எதிரில் இருந்த ஃபெரெத்தி.

குடித்தலைவர் சாலைக்கு எதிர்ப்புறம் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். போதகர் வேதப் புத்தகத்தை மறந்துவிட்டு ஓடிவந்தார். என் அம்மா, "ஐயோ, என் பொண்ணு!" என்றாள். குடித்தலைவர் விரலை உயர்த்தினார். பாய் தலையில் இருக்கும்போது யாரும் குறுக்கே போகக் கூடாது. அது வழக்கம்.

உலேசே சார் இடுப்பில் சுற்றும் லாவாலாவாவை இறுகக் கட்டிக்கொண்டு படி இறங்கினார். கையில் சாலமோன். பாயின் ஓரத்தில் எனக்கு அதன் நுனி மட்டும் தெரிந்தது, எண்ணெய் மினுக்கோடு. நேரம் போனது. வெயில் ஏறி எங்கள் முதுகில் உட்கார்ந்தது. எறும்பு ஒன்று என் காலில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அவர் பாயை விலக்கவில்லை. பள்ளிக்கும் போகவில்லை. எங்களைத் தாண்டாமல் அவரால் போகவும் முடியாது.

கடைசியில் அவர் குரல் வந்தது.

"யார் உங்க தலைவர்?"

பாய்க்குள்ளிருந்து ஃபெரெத்தி சொன்னான். "நான்தான் சார்." வீட்டிலும் அவன் அப்பாவை சார் என்றுதான் கூப்பிடுவான்.

சாலமோனின் நுனி அவன் பக்கம் திரும்பியது.

"உன் குற்றம் என்ன?"

"ஒரு மார்க் சார்."

எதிர்ப்புறத்தில் யாரோ இருமினார்கள். அது சிரிப்பை விழுங்கிய இருமல்.

"கடைசியில இருக்கறது யாரு?"

"லுபே சார். கணக்கைக் கொன்னுட்டேன் சார்."

"உனக்கு எத்தனை அடி?"

"தொண்ணூத்தாறு சார்."

"நூறுல நாலு போனா?"

"தொண்ணூத்தாறு சார்!"

"இதைப் பரீட்சையில எழுதறதுக்கு என்ன?" என்றார். பிறகு, என்ன நினைத்தாரோ, "மொத்தம் எத்தனை?" என்றார்.

இருபத்து மூன்று தலையும் பாய்க்குள்ளிருந்து ஒரே குரலில் கத்தின. "ஆயிரத்து நூத்து நாப்பத்தேழு!"

"நிமிஷத்துக்குப் பன்னெண்டு அடின்னா?"

"தொண்ணூத்தஞ்சு நிமிஷம் முப்பத்தஞ்சு செகண்ட்!"

"என் முறை ஒம்போது இருபத்தேழு முப்பத்தஞ்சு செகண்டுக்கு சார்!" என்றேன் நான் தனியாக. அன்றைக்கு அவர் மறந்துவிடக் கூடாதே என்று.

பாயில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். உலேசே சார் வானத்தைப் பார்த்துக்கொண்டு, விரலால் சாலமோன் மேல் தட்டித் தட்டி வகுத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை வகுத்தார். மறுமுறையும் வகுத்தார். தப்புக் கிடைக்கவில்லை. அப்போது அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, துருப்பிடித்த கீலைத் திறந்த மாதிரி. நாய்கள் ஓடின. தென்னை மரத்திலிருந்து நான்கு இளநீர் விழுந்தன. உலேசே சார் சிரித்தார்.

குனிந்து பாயை விலக்கினார். முதலில் மகன் முகம். பிறகு பாயைத் திருப்பிப் பார்த்தார்.

"வையோலா, இது உன் பாய் இல்ல?"

"இனிமே உங்க பாய்," என்றாள் வையோலா படியிலிருந்து. "ஏத்துக்கிட்டா."

ஊரே சிரித்தது. குடித்தலைவர் சிரித்துச் சிரித்து மல்லாந்துவிட்டார், அவரைத் தூக்க நான்கு பேர்.

"பிள்ளைகளுக்குக் கோகோ போடு," என்றார் உலேசே சார். "இவங்க கொண்டு வந்த விறகுலயே போடு."

ஆனால் எங்கள் விறகெல்லாம் காயாத பச்சைக் கட்டை. வையோலா ஊதினாள், போதகர் ஊதினார், புகைதான் வந்தது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வையோலா நிமிர்ந்தாள். "காஞ்ச கட்டை ஒண்ணு உங்க கையில இருக்கே. மூணு வருஷமா எண்ணெய் வேற குடிச்சிருக்கு."

எல்லோரும் சாலமோனைப் பார்த்தோம். உலேசே சாரும் பார்த்தார். அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, அதை மட்டும் யாரும் கணக்குப் போடவில்லை. பிறகு அதை முழங்காலில் வைத்து அழுத்தினார். படார்! இரண்டாக உடைந்தது. இரண்டையும் அடுப்பில் செருகி, அவரே குனிந்து ஊதினார். எண்ணெய் குடித்த கட்டை குப்பென்று பற்றியது. அப்படி ஒரு தீயை அந்தத் தீவில் எரிமலைக்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை.

கோகோ கொதித்தது. முதல் குவளையைக் கடைசி ரேங்குக்கு நீட்டினார். நாக்கு சுட்டது. அன்றைக்கு என்னைச் சுட்டது அது ஒன்றுதான்.

அடுத்த மாதத் தேர்வில் நானும் தேறினேன். எல்லையைவிட ஒரு மதிப்பெண் கூடுதல்.

"ரெண்டு," என்றான் ஃபெரெத்தி.

உலேசே சார் அதற்குப் பிறகு கம்பே எடுக்கவில்லை. கல் பொறுக்க வைப்பதை மட்டும் விடவில்லை, அது வேறு விஷயம். வயதான காலத்தில் அவருக்கும் நான்தான் ஊசி போட்டேன். ஒவ்வொரு முறையும் குப்புறப் படுத்துக்கொண்டே கேட்பார்: "லுபே, நூறுல நாலு போனா?" பதில் சொல்வதற்குள் ஊசி போட்டுவிடுவேன். இரண்டு பேருமே சிரிப்போம்.

எழுதி முடித்து, தாளை ஃபெரெத்தி பக்கம் தள்ளினேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தான். சிவப்புப் பென்சில் தாளுக்கு மேலே பருந்து மாதிரி சுற்றியது. கடைசிப் பக்கத்தில், கம்பு உடைந்த இடத்தில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. அவன் காது சிவந்தது. நான் வெளியே எங்கோ பார்ப்பதுபோல் வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது தப்பு," என்றான்.

"நடக்கலன்னு எழுது. மலர்ல போட வேண்டாம்."

"இல்ல. எண்ணு தப்பு."

"எந்த எண்ணு?"

பென்சில் 'இரண்டாக' என்ற சொல்லை அடித்தது. பக்கத்தில் ஒரு 3 எழுதியது. அதைச் சுற்றி வட்டம் போட்டது. பிறகுதான் அவனுக்கே தான் செய்தது புரிந்தது. பென்சிலை மெதுவாகக் கீழே வைத்தான்.

"நாலு மார்க் வாங்கினவளுக்கு எண்ணத் தெரியுமா?" என்றான். வாயோரத்தில் அவன் அப்பாவின் கோணல் வந்திருந்தது. "ரெண்டு துண்டுதான் அடுப்புக்குப் போச்சு. பிடியை அம்மா என் கையில குடுத்தா. இன்னிக்கும் என் பீரோவுல இருக்கு. நடந்துச்சுடி லுபே. ஆனா மூணு."